தத்துப் பிள்ளைக்கும் பிள்ளை இருந்தது

புதிதாக கைடு அட்டை வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் அரண்மனையை எந்த வருஷம் கட்டினார்கள், எத்தனை விளக்கு எரிகிறது, தங்க அம்பாரி எத்தனை கிலோ என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்கள் கைபேசியில் இருக்கிறது. உங்களோடு வருகிறவர்களின் கைபேசியிலும் இருக்கிறது. தப்பாகச் சொன்னால் நின்ற இடத்திலேயே தட்டிப் பார்த்து, "சார், இதுல வேற மாதிரி போட்டிருக்கே" என்பார்கள். நாங்கள் வேலைக்கு வந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் கெட்டுப்போனோம்.

முப்பத்தோரு வருஷம் அந்தத் தரையில் வெறுங்காலோடு நடந்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தானே உள்ளே போக வேண்டும்? முழங்கால் இரண்டும் போய்விட்டன. தொண்டை அதற்கு முன்பே போய்விட்டது. வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகியும் விடிகாலைத் தூக்கத்தில், "இப்படி வாங்க, மேலே பாருங்க" என்று முணுமுணுக்கிறேனாம். என் மனைவி சொல்கிறாள். அவள் நர்ஸாக இருந்தவள். எந்த வலிக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறாள்: "உழைச்ச உடம்புன்னா வலிக்கத்தான் செய்யும்."

ஆகவே எல்லாவற்றையும் எழுத எனக்குத் தெம்பில்லை. ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். என் வாயால் ஒரு குடும்பத்துக்கு நான் செய்த கேட்டைச் சொல்கிறேன். மற்றதை நீங்களே கால் தேய்ந்து கற்றுக்கொள்வீர்கள்.

நான் மைசூரில் பிறந்த தமிழன். கத்தோலிக்கக் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். அதனால் ஈரோடு, கோபி, சேலம் பக்கத்திலிருந்து வரும் யாத்திரை பஸ் எல்லாம் என் தலையில்தான் விழும். அவர்களுக்கு மைசூர் போகிற வழியில் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். காலையில் அரண்மனை, மதியம் நடை சாத்துவதற்குள் நஞ்சன்கூடு, அங்கிருந்து கொள்ளேகால் வழியாக மாதேஸ்வரன் மலை. அரண்மனைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவார்கள். அந்த ஒன்றரை மணிக்குள் உடையார் வம்சத்தை முழுசாகக் கரைத்துப் புகட்ட வேண்டும்.

அந்த வம்சம் சிம்மாசனத்தை விட்டு இறங்கி எவ்வளவோ காலம் ஆயிற்று. ஆனால் அவர்கள் பேரைச் சொல்லிப் பிழைக்கிற கூட்டம் இந்த ஊரில் இன்னும் ஓயவில்லை. டாங்கா குதிரைவண்டி ஓட்டுகிறவர், சந்தன எண்ணெய் விற்கிறவர், நான், இனிமேல் நீங்கள். அவர்கள் கட்டிய ஆஸ்பத்திரியில் பிறந்தேன். அவர்கள் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் படித்தேன். அவர்கள் காலத்தில் வந்த குழாய்த் தண்ணீரைக் குடித்தேன். கடைசியில் அவர்களுக்குப் பிள்ளை இல்லாததைக் கதையாகச் சொல்லி டிப்ஸ் வாங்கினேன். நன்றி கெட்ட பிழைப்பு என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நானூறு வருஷத்துக்கு முன் ஸ்ரீரங்கப்பட்டணம் மைசூர் ராஜாவின் கைக்கு வந்தது. அங்கே முன்பு ஆட்சி செய்தவரின் மனைவி தன் நகைகளோடு தலக்காட்டுப் பக்கம் போய்விட்டார். நகைகளுக்காக ராஜாவின் ஆட்கள் துரத்தினார்கள். அந்த அம்மாள் காவிரியில் குதித்தார். குதிக்கும்போது, தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் ராஜாக்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்தாராம். தலக்காட்டில் கோயில்களை மணல் மூடியது உண்மை. ராஜ குடும்பத்தில் பல தலைமுறைகளில் நேர்வாரிசு இல்லாமல் தத்தெடுத்ததும் உண்மை. ஒரு கைடுக்கு இது போதாதா?

நான் அந்தக் கதையை அரண்மனைக்குள் இருக்கும் கல்யாண மண்டபத்தில் சொல்வேன். மேலே கண்ணாடிக் கூரையில் மயில்கள் இருக்கும். எல்லோரும் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த நேரத்தில் முன்வரிசையில் ஒரு பெண்ணைப் பிடித்து, "அம்மா, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்பேன். அவர் இரண்டு என்பார், மூன்று என்பார். "அப்போ நீங்க மைசூர் மகாராஜாவை விடப் பணக்காரங்க!" என்பேன். கூட்டம் சிரிக்கும். சிரித்த வாய் மூடுவதற்குள் சாபத்தைத் தொடங்கிவிடுவேன். இந்த உத்தி எனக்கு முன்னால் இருந்த ஒருவரிடமிருந்து வந்தது. அவருக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. நாங்கள் யாரும் அதை நிறுத்தி யோசித்ததில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. கோபியிலிருந்து ஒரு பஸ். முன்வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் அவளுடைய மாமியார், மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு. சற்றுத் தள்ளிக் கணவர், தண்ணீர் பாட்டிலோடு. அந்தப் பெண் மயில்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்த முகமாயிருக்கிறாளே என்றுதான் அவளைத் தேர்ந்தெடுத்தேன்.

"அம்மா, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் பதில் சொன்னார்: "அதைத்தானுங் நாங்களும் பதிமூணு வருசமாக் கேட்டுட்டு இருக்கறோம்."

பின்னால் சிலர் சிரித்தார்கள். சிலர் "உச்" கொட்டினார்கள். அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? கை கூப்பி, "மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொல்லி அடுத்த கூடத்துக்கு நடந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டம் சட்டென்று அமைதியாகிவிட்டால் கைடுக்குக் கை கால் ஓடாது. எதையாவது பேசி அந்தப் பள்ளத்தை மூடப் பார்ப்பான். நானும் மூடப் பார்த்தேன்.

"கவலைப்படாதீங்கம்மா, மகாராஜாக்களுக்கே இல்லை! தத்தெடுத்தாங்க. விட்டுச்சா சாபம்? அந்தத் தத்துப் பிள்ளைக்கும் பிள்ளை இல்லை. மறுபடி தத்து, மறுபடியும் இல்லை. பெத்த பிள்ளையானாலும் சரி, எடுத்த பிள்ளையானாலும் சரி, சாபம் பிடிச்ச வீட்டுல வம்சம் தங்காது!"

"அடேங்கப்பா" என்றது கூட்டம். எனக்கு மூச்சு வந்தது. மாமியார் மட்டும் திரும்பித் தன் மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். ஆனால் மாடிப்படியில் வேறொரு கூட்டம் ஏறிவிடுமே என்ற அவசரத்தில், "இப்படி வாங்க" என்று நடந்துவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். செருப்பு வைக்கும் இடத்தில் அப்போது தமிழ் பேசும் ஹனூர்க்காரப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். ஆளை மறந்தாலும் செருப்பை மறக்கமாட்டாள். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"அண்ணா, உங்க கூட்டத்துல ஒரு ஜோடி நிக்குது."

"யாராச்சும் மறந்திருப்பாங்க."

"இந்த வெயில்ல செருப்பை மறந்துட்டு யாருண்ணா நடப்பா? பச்சைச் சேலை கட்டிட்டு வந்துச்சே, அதோடது. மாமியா வந்து தன்னோடதை மட்டும் வாங்கி மாட்டிட்டுப் போயிட்டா. அந்தப் பொண்ணு வரவே இல்லை." அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "உள்ள என்னண்ணா சொன்னீங்க?"

ஒன்றும் சொல்லவில்லையே என்றுதான் வாயில் வந்தது. பஸ்ஸுக்கு ஓடினேன். யாத்திரையை நடத்தும் டூர்க்காரர் படியில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "ஏறுங்க, ஏறுங்க, நஞ்சன்கூட்டுல நடை சாத்திப்போடுவாங்க!" மாமியார் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். உங்கள் மருமகள் எங்கே என்று கேட்டேன்.

"வருவா. எங்க போயிறப் போறா?"

மருமகளின் கைபேசியும் அவர் மடியிலிருந்த மஞ்சள் பைக்குள்தான் இருந்தது. அந்தச் சமயத்தில் கணவர் கழிப்பறைப் பக்கம் தேடிவிட்டு மூச்சிரைக்க வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. என் கையைப் பிடித்துப் பஸ்ஸுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"சார், உள்ள போயிப் பாருங்க சார். என்னை விடமாட்டீங்கறாங்க. நீங்க அந்தக் கதை சொன்னதும் எங்கம்மா ஒண்ணு சொல்லிப்போட்டாங்க." என் கையை விடாமலே சொன்னார்: "வர்ற திங்கக்கிழமை நாங்க ஒரு பாப்பாவை எடுத்துட்டு வரப் போறோமுங். பேர் குடுத்து நாலு வருசம் காத்திருந்து இப்பத்தான் கூப்புட்டிருக்காங்க. எங்கம்மா முடியாதுன்னே இருந்தாங்க. மலைக்குப் போயிச் சாமிகிட்டப் பூக் கேட்டு, நல்ல பூ விழுந்தா எடுத்துக்கலாமுன்னு இப்பத்தான் எறங்கி வந்தாங்க. உங்க கதையைக் கேட்டுட்டு, பூவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், சாபம் புடிச்ச ஊட்டுக்கு அடுத்தவன் புள்ளையைக் கொண்டாந்து என்ன பண்ணறதுன்னுட்டாங்க."

"திங்கக்கிழமை போகலைன்னா?"

"அடுத்து இருக்கறவங்களுக்குப் போயிருமுங்."

டூர்க்காரர் ஹாரன் அடிக்கச் சொன்னார். "அவங்க ரெண்டு பேரும் டாக்சி புடிச்சுப் பின்னால வரட்டும். ஒருத்தருக்காக இத்தனை பேரு நிக்கறதா?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. "இருபது நிமிஷம் குடுங்க. அதுக்கு மேல போனா, இன்னிக்கு என் கூலி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். என் காலில் இருந்த வலியெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

உள்ளே ஒருவழிப் பாதை. வெளியே வந்தவன் திரும்பப் போக முடியாது. வாசலில் இருந்த காவலரிடம் கன்னடத்தில் கெஞ்சினேன். பதினைந்து வருஷம் பழகிய மனிதர். "ஏனாயித்து, என்ன ஆச்சு, உன் பர்ஸ் போச்சா?" என்றார். "பர்ஸ் போனா ஓடி வருவேனா?" என்றேன். விட்டுவிட்டார்.

முதலில் மாடிக்குத்தான் ஓடினேன். தர்பார் மண்டபத்தின் முன்புறம் திறந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கைப்பிடி ஓரத்தில் பச்சையாக எதுவும் தெரிகிறதா என்று தேடினேன். மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். இல்லை. பள்ளிப் பிள்ளைகள்தான் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே இறங்கி ஒவ்வொரு அறையாக வந்தேன். ராஜ குடும்பத்தின் பெரிய படங்கள் மாட்டிய அறையில் அவள் நின்றாள். ஒரு சிறு பையனின் படத்துக்கு முன்னால்.

நான் வந்ததை உணர்ந்தாள் போலிருக்கிறது. திரும்பாமலே கேட்டாள்.

"இந்தப் பையன் யாருங்?"

"இவர்தாம்மா அடுத்து மகாராஜா ஆனவர். பழைய அரண்மனை எரிஞ்சு போனப்புறம் இவர் காலத்துலதான் இதைக் கட்டினாங்க. வாங்க, உங்க வீட்டுக்காரர் பயந்து போயிட்டார்."

"பெத்த புள்ளைங்களா, எடுத்த புள்ளைங்களா?"

"பெத்த பிள்ளை."

"இவங்கப்பா?"

வாய் வரை வந்த பதில் அங்கேயே நின்றுவிட்டது. இருபத்தைந்து வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான். சொல்லும் கதையில் மட்டும் நான் அதைச் சேர்த்ததில்லை. "அவர் தத்துப் பிள்ளை" என்றேன்.

அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. ஆனால் அழவில்லை. "அப்பத் தத்துப் புள்ளைக்குப் புள்ளை இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

"இல்லைன்னு சொன்னீங்களே?"

"அது… சும்மா ஒரு சுவாரசியத்துக்கு…"

"சுவாரசியத்துக்கு" என்று அவள் திருப்பிச் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. "பேரு கூட வெச்சுட்டோமுங். நானும் அவரும் தனியா இருக்கறப்ப மட்டும் சொல்லிக்குவோம். நீங்க கீழ வந்து எங்க அத்தைகிட்டச் சொல்லோணும். நான் சொன்னா எடுபடாது. நீங்க சொல்லித்தானுங் கெட்டுது."

வெளியே வரும் வழியில் என் மூளை என்ன செய்தது தெரியுமா? இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அது அடுத்த பொய்யைத் தயார் செய்துவிட்டது. சாமுண்டி அம்மன் ஒரு மகாராஜாவின் கனவில் வந்து, பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் சாபம் நீங்கும் என்று சொன்னாளாம். அழகான கதை. பத்து அடி நடப்பதற்குள் முழுசாக வந்துவிட்டது. அந்த மாமியார் அதைக் கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். திங்கட்கிழமை குழந்தை வீட்டுக்கு வந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. எனக்கும் அவமானமில்லை.

ஆனால் நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்? யாராவது ஒருவர் கைபேசியைத் தட்டி, அப்படி ஒரு கனவே இல்லை என்று சொல்லிவிட்டால்? ஒரு பச்சைக் குழந்தையைக் கொண்டுபோய் என் பொய்யின் மேல் உட்கார வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதைவிட, உண்மையைச் சொன்னால், எனக்கே அலுத்துவிட்டது. இட்டுக்கட்டி இட்டுக்கட்டி வாய் புளித்துப்போயிருந்தது.

பஸ்ஸில் ஏறினேன். பாதிப் பேர் நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அந்தச் சாபக் கதையில நான் ஒண்ணைக் கட்டிச் சொல்லிட்டேன். சில மகாராஜாக்களுக்கு வாரிசு இல்லாமப் போனது நிஜம். தத்தெடுத்ததும் நிஜம். தத்துப் பிள்ளைக்கும் பிள்ளை இல்லைன்னு சொன்னது பொய். அவருக்குப் பிள்ளைங்க இருந்தாங்க. வாரிசு இல்லைன்னு வெள்ளைக்காரன் ராஜ்யத்தையே எடுத்துக்கப் பார்த்தான். அந்தப் பிள்ளையைத் தத்தெடுத்ததாலதான் ராஜ்யம் நின்னுச்சு. இப்ப நீங்க பார்த்த அரண்மனை அந்தத் தத்துப் பிள்ளையோட மகன் காலத்துல கட்டினது. காவிரி அணையும் அவர் காலத்துல வந்ததுதான்."

மூன்றாவது வரிசையில் ஒருவர், "இதுக்குத்தான் காசு வாங்கறீங்களா?" என்றார். டூர்க்காரர் என்னை முறைத்தார். மாமியார் மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"அப்பச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?"

"அப்பச் சொன்னதுதாம்மா பொய்."

"அதை நான் எப்படி நம்பறது? என்ற மருமவ அழுதிருப்பா. நீ எரக்கப்பட்டு மாத்திச் சொல்றே."

மகன் கைபேசியை எடுத்தார். "இதுல பாத்தாத் தெரிஞ்சிரும்மா."

"செல்லு கெடக்குது. வாயால கெடுத்தவன் வாயால சொல்லட்டும்." அப்புறம் வெளியே அரண்மனையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவங்க ராசாங்க. அவங்க தத்தெடுத்தா ராச்சியம் நிக்கும். நாங்க எடுத்தா ஊரு பேசும்."

"பேசட்டும்மா" என்றார் மகன். அதுவரை அம்மாவுக்கு எதிராக அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டு அவரே பயந்துவிட்டார். மனைவி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அந்த அம்மாள் மகனைக் கண்டுகொள்ளவில்லை. என்னைத்தான் பார்த்தார். "உனக்குப் புள்ளைங்க இருக்குதா?"

"ஒரு பொண்ணு."

"கண்ணாலம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு. இப்ப ஏழு மாசம் முழுகாம இருக்கா."

"அப்ப அந்தப் புள்ளை மேல, வவுத்துல இருக்கற சிசு மேல, கையடிச்சுச் சத்தியம் பண்ணு. தத்துப் புள்ளைக்குப் புள்ளை இருந்துதுன்னு." மஞ்சள் பையை மகனிடம் கொடுத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார்.

எங்கள் கோயிலில் சத்தியம் செய்யக்கூடாது என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். என் மகளுக்கு முதல் கர்ப்பம் கலைந்து இது இரண்டாவது. வீட்டில் நாங்கள் சத்தம் போட்டுப் பேசக்கூடப் பயந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. நான் சொல்லப் போவது முழு உண்மை. உண்மைக்குச் சத்தியம் செய்ய என்ன பயம்? ஆனாலும் கை எழவில்லை. இருபத்தைந்து வருஷம் ஒரு சாபத்தை விற்றுச் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு நாளும் அதை நம்பியதில்லை. அந்த நிமிஷத்தில் நம்பினேன். என் மகளின் பேரை அந்தச் சாபத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பச்சைச் சேலைக்காரி என்னைக் கெஞ்சவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் குழந்தைக்கு நான் செய்ததை என் குழந்தைக்குச் செய்துகொள்ள எனக்கு இவ்வளவு யோசனை. வெட்கமாக இருந்தது. அந்த அம்மாளின் கையில் அடித்தேன். "என் மக மேல சத்தியமா, தத்துப் பிள்ளைக்குப் பிள்ளை இருந்தது."

அவர் கையை மடக்கிக்கொண்டார். நம்பினேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. "மலைக்குப் போயிப் பூக் கேட்டுட்டுப் பாக்கறேன்" என்றார். அவ்வளவுதான். டூர்க்காரர் என்னை இறங்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். சாத்துவதற்கு முன், "இனிமே நம்ம பஸ்ஸுக்கு உங்களைக் கூப்புடமாட்டனுங்" என்றார். சொன்னபடியே செய்தார்.

அந்தத் திங்கட்கிழமையை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். அவர்களுடைய நம்பர் என்னிடம் இல்லை. டூர்க்காரர் என் போனை எடுக்கவில்லை. மதியம் வரை கூட்டத்துக்குக் கதை சொன்னேன், ஒரு சொல்லும் மனதில் நிற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். லேபர் வார்டு வாசலில் நான் உட்கார்ந்து அழுததைப் பார்த்து மருமகன் பயந்துவிட்டார். நான் எதற்கு அழுதேன் என்று இன்றுவரை வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் என் மனைவி தெரிந்துகொள்ளப் போகிறாள்.

கோபிப் பக்கத்து பஸ்கள் எனக்கு நின்றுபோயின. கைடுகளுக்குள் இந்த விஷயம் பரவியது. "பஸ்ஸுல ஏறி நான் பொய்யன்னு மைக் இல்லாமலே சொன்ன ஆளு" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். தம்பிகளே, தங்கைகளே, இதில் என்ன பாடம் என்று கேட்பீர்கள். ராஜ வம்சத்தைப் பற்றி நீங்கள் ஆயிரம் தப்பு சொல்லலாம், ராஜாக்கள் வந்து கேட்கப் போவதில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். போய் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. கூட்டம் அமைதியாகிவிட்டால் அமைதியாகவே இருக்கட்டும். வாயை மூடிக்கொண்டு நிற்கக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. நீங்கள் சீக்கிரம் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒன்றரை வருஷம் கழிந்திருக்கும். ஒரு நாள் அந்த டூர்க்காரர் தானாகவே போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை.

"தமிழ் பேசற வேற கைடு யாராச்சும் இருந்தா நம்பர் குடுங்க."

"ஏன், நான் இருக்கேனே?"

"நீங்க வேண்டாமுங். போனவாட்டி ஒரு அம்மா உங்க கையில சத்தியம் வாங்குச்சே, அது மறுபடி சீட்டுப் போட்டிருக்குது. மலையில மொட்டை போடறதுக்கு. அரண்மனையையும் பாக்கோணுமாம். ஆனா அந்தப் பொய்க்காரன் மட்டும் வரப்படாதுன்னு கண்டிசனாச் சொல்லிப்போட்டுது. என்ற பேத்தி காதுல அவன் கதை விழுகப்படாதுங்குது."

"பேத்தின்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"பின்ன?" என்றார் அவர் எரிச்சலோடு. "பேத்தியைப் பேத்தின்னுதான சொல்லுவாங்க."